நோரா சொன்ன ‘எஸ்’

நோராவுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொள்ளும் ஆசை நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதற்கு முழங்கால் வலிதான் காரணம்.

வைட்ஃபீல்டில் அவள் செக்யூரிட்டியாக இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்களுக்கு இரண்டு இடத்தில் வேலை. ஒன்று கேட்டில். வெயிலோ மழையோ, நின்றபடியே இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பும் பெண்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். இன்னொன்று லாபியில். அங்கே ஏசி உண்டு, சாய்ந்து உட்கார நாற்காலி உண்டு. வருகிறவர்களுக்கு குட் மார்னிங் சொல்லி, எந்த ஃப்ளாட்டுக்கு என்று கேட்டு மேலே அனுப்பினால் போதும். ஆனால் லாபிக்கு இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களைத்தான் போடுவார்கள்.

அவளுடைய பெயரே அவளுக்கு ஒரு தொல்லை. சட்டையில் ‘நோரா’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, சரளமாகப் பேசக்கூடியவள் என்று நினைத்து மடமடவென்று இங்கிலீஷில் ஆரம்பிப்பார்கள். அவள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி இந்திக்கு மாறிக்கொள்வார்கள். அந்த மாற்றம் ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அவளுக்கு வீடு கோலார் தங்கவயலில், உரிகாம்பேட்டையில். கணவர் பீட்டர் ஊரிலேயே ஆட்டோ ஓட்டினார். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு விடிவதற்குள் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அதே பெட்டியில் சங்கமித்ரா என்ற பெண்ணும் வருவாள். பக்கத்துத் தெரு பௌத்தக் குடும்பத்துப் பெண், வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நோரா ஒருநாள் தயங்கித் தயங்கித் தன் ஆசையைச் சொன்னபோது, “அதுக்கென்ன ஆன்ட்டி, நாளையிலேர்ந்து ரயில் ஏறினா இறங்குற வரைக்கும் நமக்குள்ள தமிழ் கெடையாது” என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. பங்காருப்பேட்டை தாண்டும் வரை நோராவுக்கு வாயே திறக்காது. தாண்டினதும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெயிண்டர்கள், “இன்னா நோரா, லண்டனுக்கா டிக்கெட் எடுத்துக்கினே” என்று கிண்டல் செய்வார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். சில மாதத்தில் அவளால் நாலு வாக்கியம் தொடர்ந்து பேச முடிந்தது.

குடியிருப்பில் அவளுடைய இங்கிலீஷுக்கு இன்னொரு ரசிகை இருந்தாள். ஜானகி. ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, மகளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, நீல் என்பவரின் ஃப்ளாட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலையும் செய்தாள். மத்தியானம் வேலை முடிந்து போகும்போது கேட்டில் நிற்பாள்.

“அக்கா, நீ போய் அந்தக் கல்லுல ஒரு நிமிஷம் உக்காரு. வண்டி வந்தா நான் கூப்புடுறேன்” என்பாள். நோரா உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொள்வாள். “இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே, சொல்லு” என்று ஜானகி கேட்பாள். நோரா சொன்னதும், ஒன்றும் புரியாமலே, “அப்படியே மேடமுங்க பேசுற மாதிரி இருக்கு” என்று சிரிப்பாள். பிறகு தன் பையை விரித்துக் காட்டிவிட்டுப் போவாள்.

நீலின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் முடிந்த வாரத்தில் அதன் தங்க வளையல் ஒன்றைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் வெளியாள் என்று வந்து போனது ஜானகி மட்டும்தான். கேட்டில் இருந்த காமிரா வண்டிகளின் நம்பரை மட்டுமே படம் பிடிக்கும். அதனால் குடியிருப்பின் மேனேஜர் நரேஷ், அன்றைக்கு கேட்டில் நின்ற நோராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நீலும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

நீல் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம் எதுவும் தெரியாது, இந்தியும் அரைகுறை. யாரிடமும் கடிந்து பேசாத மனிதர். நரேஷ் அவரிடம், கேள்வியைச் சொன்னால் தான் நோராவிடம் தமிழில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நரேஷ் கன்னடக்காரர் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவார்.

நோரா முந்திக்கொண்டாள். “நோ ப்ராப்ளம் சார். ஐ கேன் டாக் இங்கிலீஷ்.”

நரேஷ் புருவத்தைத் தூக்கிச் சிரித்தார். அதற்குள், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அவருக்குப் போன் வந்து எழுந்து போய்விட்டார்.

நீல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். “ஜானகி டிட்ன்ட் லீவ் வித்தவுட் ஷோயிங் யூ ஹெர் பேக், டிட் ஷி?”

நோராவுக்குப் புரிந்தது. முழுசாகப் புரிந்தது. ஜானகி பையைக் காட்டாமல் போகவில்லையே என்று கேட்கிறார். ஆமாம், அப்படிப் போகவில்லை. அன்றைக்கும் பையைத் திறந்து டிஃபன் டப்பாவையும் துண்டையும் தன் கையாலேயே நகர்த்திப் பார்த்திருக்கிறாள்.

“எஸ் சார்” என்றாள்.

“ஆர் யூ ஷ்யூர்?”

“எஸ் சார். ஷ்யூர்.”

நீலின் முகம் வாடியது. ஜானகிமேல் சந்தேகப்பட்டோமே என்று வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று நோரா எடுத்துக்கொண்டாள். அவர் எழுந்து, “தேங்க்யூ நோரா. யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்” என்றார்.

அன்று சாயங்காலம் ரயிலில் சங்கமித்ராவிடம் அதைச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் பீட்டரிடம் சொன்னாள். “பேஷ், இனிமே உனக்கு நானே குட் மார்னிங் சொல்லணும் போலகீதே” என்றார் அவர்.

மறுநாள் நோராவுக்கு வார விடுமுறை. அடுத்த நாள் வேலைக்கு வந்தபோது, ஜானகியை இனி உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. நோராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நரேஷிடம் ஓடினாள்.

“இன்னா சார் ஆச்சு?”

“ஏதோ ப்ரூஃப் கெடச்சிருக்குதாம்மா. நீல் சார் போலீசுக்கெல்லாம் போகல, வேலைய விட்டு நிறுத்தினா போதும்னு சொல்லிட்டார். நல்ல மனுஷன்” என்றார் நரேஷ். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் மெனக்கெடவும் இல்லை. “வேலைய விட்டுப் போனவங்களோட நீங்க யாரும் பேச்சு வெச்சுக்காதீங்க. அப்பார்ட்மெண்ட் கமிட்டி கேக்கும்.”

ப்ரூஃப் என்றால் வளையல் அவளிடம் அகப்பட்டிருக்கும் என்றுதான் நோரா நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததுமே மற்றதெல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டது. துண்டை நகர்த்திப் பார்த்தோம், உதறிப் பார்த்தோமா? டப்பாவைத் திறந்து பார்த்தோமா? மகளுக்கு ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்க வேண்டும் என்று போன மாதம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாளே. இவ்வளவு பழகியும் நமக்கு ஆளைத் தெரியாமல் போய்விட்டதே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மத்தியானம் ஜானகியிடமிருந்து போன் வந்தது. திரையில் பெயரைப் பார்த்தபடியே நின்றாள் நோரா. அது அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வந்து நின்ற காருக்குத் தடுப்பைத் தூக்கினாள். அதன் பிறகு ஜானகி கூப்பிடவில்லை.

அந்த மாதமே நோரா லாபிக்குப் போனாள். இந்தப் பெண் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள் என்று கமிட்டியில் நீலே சொன்னாராம்.

மழைக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை சிக்னல் கிடைக்காமல் ரயில் மாலூரில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் ஞாயிறு. சங்கமித்ரா பேச்சோடு பேச்சாக, “யூ ஆர் நாட் கமிங் டுமாரோ?” என்று கேட்டாள்.

“எஸ்” என்றாள் நோரா.

“ஞாயித்துக்கெழமைகூட வேலையா ஆன்ட்டி?”

“இல்லியே. நாளைக்கு லீவு. வரல. அதான் எஸ்னு சொன்னேன்.”

சங்கமித்ரா சிரித்தாள். “இத உங்களுக்கு நான் சொல்லித் தரவே இல்ல பாருங்க. தமிழ்ல ‘நாளைக்கு வரலையா’ன்னு கேட்டா, ‘ஆமா, வரல’ன்னு சொல்லுவோம். இங்கிலீஷ்ல அப்படிக் கெடையாது. எப்படிக் கேட்டாலும் சரி, வரலைன்னா நோ. எஸ்னா வர்றேன்னு அர்த்தம்.”

நோரா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மித்ரா, ஒருத்தி பையக் காட்டாமப் போகலதானேன்னு இங்கிலீஷ்ல கேக்குறாங்க. போகலன்னு சொல்லணும். இன்னா சொல்லணும்?”

“நோ, ஷி டிட்ன்ட்.”

“எஸ்னு சொல்லிட்டா?”

“காட்டாமப் போயிட்டான்னு ஆயிடும்.” சங்கமித்ரா அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏன் ஆன்ட்டி, யாரு போனா?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

அன்றைக்கு முழுக்க லாபி நாற்காலியில் உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. எழுந்து நின்றாள், முழங்கால் வலித்தது, மறுபடியும் உட்கார்ந்தாள். ப்ரூஃப் என்று நரேஷ் சொன்னது தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லாக இருக்குமோ என்ற நினைப்பு விடவில்லை. அப்படி இருக்காது, வேறு ஏதாவது கிடைத்திருக்கும், படித்த மனிதர் ஒரு சொல்லை மட்டும் வைத்தா முடிவு செய்வார் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் நீல் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். “ஹலோ நோரா.” அவள் குட் ஈவினிங் சொன்னாள். கேட்க நினைத்ததைக் கேட்காமலே அனுப்பிவிட்டாள்.

சில நாள் கழித்து நரேஷிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“பிட்டுபிடிம்மா, விட்டுடு. ஆகிப் போன விஷயம். அவங்க வேற ஆள் வெச்சுக்கிட்டாங்க. இப்போ போய் நீ தப்பா சொன்னேன்னு சொன்னா, இங்கிலீஷ் தெரியாத ஆள எப்படி லாபில போட்டேன்னு என்னைத்தான் கேப்பாங்க. உன் வேலையும் போகும்.”

அறையை விட்டு வெளியே வந்தபோது நோராவுக்கு மூச்சு லேசாக வந்தது. மேனேஜரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நாம் என்ன செய்ய முடியும். அந்த நிம்மதி லிஃப்ட் வரை போவதற்குள் அருவருப்பாக மாறிவிட்டது. அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான், நீலிடம் போகாமல் அவரிடம் போனோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

அப்படியும் அவள் உடனே வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டபோது, மற்றவர்களுக்காகவெல்லாம் ஜெபித்துவிட்டு ஜானகியின் பெயர் வரும்போது தாண்டிப் போனாள்.

நீலின் வீட்டுக்குப் புதிதாக வந்த வேலைக்காரப் பெண் ஒருநாள் லாபியில் வந்து நின்றாள். பை பார்ப்பது கேட்டில்தான், லாபியில் இல்லை. ஆனாலும் அவள் பையை மேசைமேல் கவிழ்க்காத குறையாக விரித்துக் காட்டினாள்.

“நீங்களும் ஒருவாட்டி பாத்துக்கோங்க அக்கா. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. எனக்கு முன்னாடி இருந்தவங்க காட்டாமப் போய்த்தான மாட்டிக்கிட்டாங்க. நீங்கதான் பாத்துச் சொன்னீங்களாமே. மேடம் சொன்னாங்க.”

நோரா அவள் பையைப் பார்க்கவில்லை. “போம்மா” என்றாள்.

மறுநாள் ரயிலில் சங்கமித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அதிர்ந்துபோய், “நான் முன்னாடியே சொல்லித் தந்திருக்கணும்” என்றாள். “நீ இன்னா பண்ணுவே” என்று நோரா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதை இருவருமாக வாக்கியம் வாக்கியமாகக் கோத்தார்கள்.

சாயங்காலம் தள்ளுவண்டியோடு நீல் வந்ததும் நோரா எழுந்து போய் வழியில் நின்றாள்.

“சார், தட் டே யூ ஆஸ்க்ட் மீ அபவுட் ஜானகி. ஐ சேட் எஸ். மை எஸ் வாஸ் ராங். ஷி ஷோட் மீ ஹெர் பேக். ஐ செக்ட் இட் வித் மை ஹேண்ட்ஸ். தேர் வாஸ் நத்திங்.”

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. அதில் அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

குழந்தை சிணுங்கியது, நீல் குனிந்து அதன் காலுறையைச் சரிசெய்தார். பிறகு, அவளைப் பார்க்காமலே, வளையல் கிடைத்துவிட்டது என்றார். குழந்தையின் பழைய ஸ்வெட்டர் ஒன்றின் கைக்குள் சிக்கியிருந்ததாம், யாருக்கோ கொடுக்க எடுத்து மடிக்கும்போது விழுந்ததாம். அது நடந்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜானகியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அவரும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். ஆனால், எடுக்காவிட்டாலும் அவள் பையைக் காட்டாமல் போனது உண்மைதானே, அப்படிப்பட்டவளை எப்படி நம்புவது என்று அதைச் சொல்லியே தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

“வீ டோல்ட் அவர்செல்வ்ஸ் தட்” என்றார் நீல். அவர் காது மடல் சிவந்திருந்தது.

நோராவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன்னுடைய ‘எஸ்’ இத்தனை நாளும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு, அவளுக்கும் அவர்களுக்கும், வசதியாக இருந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

நீல் சும்மா இருந்துவிடவில்லை. கமிட்டிக்கு எழுதினார், ஜானகியின் பெயர்மேல் இருந்த தடையை எடுக்க வைத்தார், மன்னிப்புக் கேட்டு அவளுக்கே செய்தி அனுப்பி, வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார். இனி யார்மேல் புகார் வந்தாலும் அந்த ஆளையும் எதிரே வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்த பாஷையில்தான் விசாரிக்க வேண்டும் என்று கமிட்டியில் முடிவானது. நரேஷ் சில நாள் நோராவிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவள் வேலை போகவில்லை, லாபியிலிருந்தும் மாற்றவில்லை.

அடுத்த ஞாயிறு நோரா கோயிலுக்குப் போகாமல் பொம்மனஹள்ளிக்குப் போனாள். ஜானகி அங்கே தம்பி குடும்பத்தோடு தங்கி ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்வதாக மற்ற வேலைக்காரப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். மளிகைக் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற ஒற்றை அறை. கதவைத் திறந்தது ஜானகிதான்.

“வாங்க. உக்காருங்க.”

இதற்கு முன் அவள் நோராவை ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை.

நோரா பாயில் உட்கார்ந்து, நரேஷின் அறையில் நடந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். “நான் ‘ஆமா, போகல’ன்னு மனசுல வெச்சுக்கினுதான் எஸ் சொன்னேன். தமிழ்ல கேட்டுச் சொல்றேன்னுதான் நரேஷ் சார் சொன்னாரு. நான்தான் எனக்கே இங்கிலீஷ் வரும்னு வேணாம்னுட்டேன்.”

ஜானகி அடுப்பில் பால் வைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சார் மெசேஜ் போட்டாரு. தம்பி படிச்சுச் சொன்னான்” என்றாள். “என்னைக் கேட்டிருந்தாலும் நானும் எஸ்னுதான் சொல்லியிருப்பேன். அதுல என்ன இருக்கு. தெரியாம வந்த தப்பு.”

நோராவுக்குக் கண் கலங்கியது. ஜானகி தொடர்ந்தாள்.

“மொத நாள் உங்களுக்கு லீவு. காலையில உள்ள விடல. ஏன்னு யாரும் சொல்லல. மறுநாளும் வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். நீங்க கேட்டுல நிக்குறது தெரிஞ்சுது. கிட்ட வந்தா உங்களுக்குத் தொல்லையாயிடுமோன்னு அங்கேருந்தே போன் போட்டேன். அக்காதான தினம் பையப் பாத்தாங்க, அவங்க ஒரு வார்த்த சொன்னா சரியாயிடும்னு.” பால் பொங்கி வந்தது; அடுப்பைத் தணித்தாள். “நீங்க போன எடுத்துப் பாத்துட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டீங்க.”

அவள் எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள் என்பது நோராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஏன்க்கா எடுக்கல?”

பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது என்று மேனேஜர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. நோரா பாயின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

“நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்” என்றாள்.

ஜானகி தலையை மட்டும் ஆட்டினாள். “அதான் இருக்கும்னு நானும் நெனச்சேன்.”

அழவில்லை, திட்டவில்லை. காபி கலந்து ஆற்றிக் கையில் கொடுத்தாள். மகளைப் பற்றி நோரா கேட்டதற்கு, ஏழாவது போகிறாள் என்றாள். நீல் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை என்றாள். குழந்தைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, போகட்டும் என்றாள். “முழங்கால் எப்படி இருக்கு? உக்காந்த வேலைன்னா கொஞ்சம் தேவலாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நோராவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். பஸ் வந்ததும், எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கண்டக்டரிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு, பஸ் நகர்வதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

மறுபடியும் கேட்டுக்கே போய்விடலாமா என்று நோரா பீட்டரிடம் கேட்டாள். “நீ வெயில்ல நின்னா அந்தப் பொண்ணுக்கு இன்னா கெடைக்கப் போகுது?” என்றார் அவர். லாபியிலேயே இருக்கிறாள். ரயிலில் பாடமும் நடக்கிறது. இப்போது யார் எதைக் கேட்டாலும் எஸ், நோ என்று நிறுத்திக்கொள்வதில்லை. நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்கிறாள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாளே என்று குடியிருப்பில் அவளுக்கு நல்ல பெயர்.

கிறிஸ்துமஸுக்கு பொம்மனஹள்ளிக்கு கேக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜானகி வாங்கிக்கொண்டாள், உட்கார வைத்துக் காபி கொடுத்தாள், தம்பியின் பிள்ளைகளுக்குக் கேக்கை வெட்டிப் பங்கு போட்டாள். எப்போதாவது நோரா போன் செய்தால் எடுப்பாள். ஃபேக்டரி, மகளின் படிப்பு, ஊத்தங்கரையில் மழை உண்டா இல்லையா என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு இருவரும் வைத்துவிடுவார்கள். அவளாகக் கூப்பிடுவதில்லை.

இங்கிலீஷ் தெரியாததால் வந்த வினை என்றுதான் சங்கமித்ராவும் பீட்டரும் சொல்கிறார்கள். நோராவும் அவர்கள் சொல்லும்போது தலையாட்டிக்கொள்கிறாள். ஆனால் அன்றைக்குப் போனை எடுத்திருந்தால் ஜானகி தமிழில்தான் கேட்டிருப்பாள், தானும் தமிழில்தான் பதில் சொல்லியிருப்போம் என்பது அவளுக்குத் தெரியும்.